தோழன் படித்துச் சொல்வது, தானே படித்துப் பார்ப்பது: ஹாங்காங் சீன மொழி வகுப்பில் சக மதிப்பீடும் தன்மதிப்பீடும்

ஹாங்காங்கில் ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு சீனக் கட்டுரை, 650 எழுத்துக்குக் குறையாமல். வரி வரியாகப் படித்து, பிழையான எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் குறிப்பு போட்டு, கடைசியில் நாலு வரி கருத்தும் எழுத ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் என்றாலும் ஒரு வகுப்புக்கு ஏழரை மணி நேரம் ஆகிறது. ஆசிரியரிடம் இப்படி இரண்டு மூன்று வகுப்புகள் இருக்கும். தாள் திரும்பி வருவதற்குள் எழுதியவனுக்கே தான் எழுதியது மறந்திருக்கும். மதிப்பெண்ணைப் பார்ப்பான், பக்கத்து மேசைக்காரனுடையதையும் எட்டிப் பார்ப்பான், தாளைப் பையில் திணிப்பான். அத்தனை சிவப்பு மையும் அதோடு சரி.

ஒன்று விடாமல் திருத்தும் இந்த முறையை, ஹாங்காங்கில் பேசும் சீனமான கான்டனீஸில் ‘ஸிங் பை ஸை கோய்’ என்பார்கள். நல்ல ஆசிரியருக்கு அதுதான் அடையாளம் என்று நம்பும் பெற்றோர் அங்கே ஏராளம். அதற்குத் துணையாக வகுப்பில் நடப்பவைதான் இங்கே பேசப்போகிற இரண்டும். ஒரு மாணவன் எழுதியதை இன்னொரு மாணவன் முன்பே பேசி வைத்த அளவுகோல்களைக் கொண்டு படித்து, எழுத்தில் கருத்துச் சொல்வது சக மதிப்பீடு. அதே அளவுகோலைத் தன் தாளின் மேலேயே வைத்துப் பார்ப்பது தன்மதிப்பீடு. இவை ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். முதல் பருவத்தில் வேலை கூடத்தான் செய்யும்.

பிறகு எதற்கு? 1989-இல் ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் இதற்கு ஒரு தெளிவான விடை தந்தார். மாணவன் முன்னேற மூன்று வேண்டும்: நல்ல படைப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தன்னுடையதை அதோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். சிவப்பு மையால் திருத்தும்போது மூன்றையும் ஆசிரியரே செய்துவிடுகிறார். மாணவனுக்கு மிஞ்சுவது முடிவு மட்டும். 1998-இல் பிரிட்டனின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் வகுப்பறை மதிப்பீடு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், மாணவரே தம்மை மதிப்பிடப் பழகுவது விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் உபரி அல்ல, கற்றலின் கட்டாயப் பகுதி என்றே சொன்னார்கள். ஹாங்காங் தன் 2001 பாடத்திட்டச் சீர்திருத்தத்தில் ‘கற்றலுக்காக மதிப்பீடு’ என்ற கருத்தைக் கொண்டுவந்தபின் சக மதிப்பீட்டுத் தாள்கள் பள்ளிகளில் பரவின. தாள் பரவிய வேகத்துக்கு முறை பரவவில்லை.

இதில் அதிகம் கற்பது யார் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கருத்து வாங்கியவன் அல்ல, படித்துக் கருத்து எழுதியவன். தன் கட்டுரையில் எதுவும் இடறாது, ஏனென்றால் எழுதாமல் விட்டதையும் மூளை நிரப்பிக்கொள்ளும். அடுத்தவன் கட்டுரையில் அந்த வசதி இல்லை. அங்கே இடறி விழுந்த இடத்தைத்தான் பிறகு தன் தாளிலும் தேடத் தோன்றும். தேர்வறையில் பக்கத்தில் தோழனும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அங்கே உதவுவது இப்படி வளர்ந்த வாசகக் கண் ஒன்றுதான்.

எந்த அளவுகோல்?

ஹாங்காங்கின் பள்ளி இறுதித் தேர்வான டிஎஸ்இ 2012-இல் தொடங்கியது. 2024 முதல் அதன் சீன மொழிப் பாடத்தில் கேட்டலும் பேச்சும் போய், வாசிப்பும் எழுத்தும் இரண்டு தாள்களாக எஞ்சியுள்ளன. கட்டுரைக்கு மதிப்பெண் நான்கு தலைப்பில் பிரியும்: உள்ளடக்கம் 40, மொழி வெளிப்பாடு 30, அமைப்பு 20, நிறுத்தக்குறியும் எழுத்து வடிவமும் 10.

இந்த நான்கையும் அப்படியே அச்சடித்து மாணவரிடம் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். அங்கேயே வேலை கெடுகிறது. ‘கருத்து ஆழமானது’, ‘பொருள் தேர்வு பொருத்தமானது’, ‘அமைப்பு கச்சிதம்’ என்ற வரிகள் நூறு தாள் திருத்திய ஆசிரியருக்குப் புரியும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவை வெறும் சொற்கள். நடுவில் இருக்கும் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். ஆகவே அளவுகோலைக் கண்ணால் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்விகளாக மாற்ற வேண்டும். ஒரு கட்டுரைக்கு நான்கு கேள்வி போதும், ஐந்தாவது வந்தால் முதலாவதை ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்.

அனுபவத்தைச் சொல்லி உணர்வை எழுப்பும் கட்டுரைக்கு இப்படிக் கேட்கலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது என்ன, உன் சொல்லில் ஒரே வாக்கியமாக எழுது. தலைப்பின் முக்கியச் சொல் எந்தெந்த வரிகளில் வேலை செய்கிறது? மிக விரிவாக எழுதப்பட்டது எந்தப் பத்தி, கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறதா? படிக்கும்போது நீ நின்று, திரும்பப் படித்த இடம் எது?

முதல் கேள்விக்கு ஒரு துணை ஏற்பாடு உண்டு. எழுதியவன் தாளைக் கொடுக்கும் முன்பே, தான் சொல்ல நினைத்ததை ஒரு வாக்கியமாகத் தாளின் பின்புறம் எழுதி மடித்து ஒட்டிவிட வேண்டும். படித்தவன் எழுதிய வாக்கியத்தையும் இதையும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் வேறாக இருந்தால் அதைவிடத் தெளிவான பின்னூட்டம் எதுவும் கிடையாது. யாரும் யாரையும் குறை சொல்லவும் தேவையில்லை.

வாதக் கட்டுரைக்குக் கேள்வி வேறு. அங்கே வழக்கமான நோய், உதாரணம் கட்டுரையை விழுங்கிவிடுவது. விடாமுயற்சி என்றால் தண்டனைக்குப் பின்னும் வரலாற்றை எழுதி முடித்த சீமா சியென், விட்டுக்கொடுத்தல் என்றால் பெரிய பேரிக்காயை அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுத்த சிறுவன் கோங் ரோங். கதையை ஆறு வரி சொல்லிவிட்டு ‘இதிலிருந்து விடாமுயற்சியின் அருமை தெரிகிறது’ என்று ஒரே வரியில் முடிப்பார்கள். இதைக் காட்ட இரண்டு வண்ணப் பேனா போதும். கதை சொல்லும் வரிகளுக்கு நீலக் கோடு, காரணம் காட்டும் வரிகளுக்குப் பச்சைக் கோடு. பக்கம் முழுக்க நீலமாகிவிட்டால் அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை.

முதலில் கண்ணைப் பழக்குவது

நேராகத் தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லக் கூடாது. அதற்கு முந்திய வகுப்பில் 20 நிமிடம் ஒதுக்கி இரண்டு மாதிரிக் கட்டுரைகளை எல்லோரும் மதிப்பிட வேண்டும். மாதிரி முந்தைய ஆண்டுகளிலிருந்து, பெயர் நீக்கி, தட்டச்சு செய்ததாக இருக்கட்டும். ஒன்று நடுத்தரம், ஒன்று அதற்குச் சற்றுக் கீழ். மிகச் சிறந்த கட்டுரையை மட்டும் காட்டினால் பிள்ளைகள் வியப்பார்கள், கற்க மாட்டார்கள். அதற்கும் தன்னுடையதற்கும் நடுவே ஏணி தெரியாது.

ஒவ்வொருவரும் தனியாக நான்கு கேள்விக்கும் விடை எழுதியபின் கையுயர்த்தச் சொல்லலாம். ஒரே பத்தியைப் பாதிப் பேர் மையம் என்றும் மீதிப் பேர் தேவையற்றது என்றும் சொல்வார்கள். அந்தச் சண்டைதான் வகுப்பு. ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லாமல், எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வரியைக் காட்ட முடியாத கருத்து கணக்கில் வராது என்ற விதி இங்கேயே நிலைத்துவிடும். சீனக் கட்டுரை கட்டத்தாளில் எழுதப்படுவது இதற்கு வசதி. வரிக்கு 20 கட்டம், பக்கத்துக்கு 20 வரி என்ற வழக்கமான தாளில் 650 எழுத்து ஒன்றரைப் பக்கத்துக்குச் சற்று அதிகம். ஓரத்தில் வரி எண் போட்டுவிட்டால் ‘2-ஆம் பக்கம், 7-ஆம் வரி’ என்று விரல் வைக்கலாம்.

மூன்று முறை படிப்பது

மாற்றிக்கொள்ளும் வகுப்புக்கு இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம் வேண்டும். 40 நிமிடத்தில் செய்தால் கருத்து எழுதும் நேரம்தான் முதலில் பறிபோகும்.

முதல் வாசிப்பு பேனா இல்லாமல். ஐந்து நிமிடம். பேனா கையில் இருந்தால் மூன்றாவது வரியிலேயே ஓர் எழுத்தைச் சுழிக்கத் தோன்றும், அதற்குப் பிறகு கட்டுரையே கண்ணில் படாது. இரண்டாவது வாசிப்பில் நான்கு கேள்விகள், 15 நிமிடம். மூன்றாவதில்தான் எழுத்தும் நிறுத்தக்குறியும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பது பல வகுப்புகளில் தெரிந்த கதைதான். சீன எழுத்தில் பிழை பிடிப்பது எளிது, பிடித்தது சரியா என்று சந்தேகமும் இல்லை. அதனால் பிள்ளைகள் எல்லோரும் எழுத்துப் போலீஸ் ஆகிவிடுவார்கள். தாள் முழுக்கச் சுழி, உள்ளடக்கம் பற்றி ஒரு சொல் இருக்காது. நூற்றில் 10 மதிப்பெண் உள்ள பகுதி முழு நேரத்தையும் தின்றுவிடும்.

எழுத்துப் பிழையில் இன்னொரு கண்டிப்பும் தேவை: சுழிக்கலாம், திருத்தக் கூடாது. இல்லாத வடிவத்தை எழுதுவது ஒரு வகைப் பிழை, இருக்கிற வேறோர் எழுத்தைத் தவறான இடத்தில் போடுவது இன்னொரு வகை. இரண்டாவதில் தோழனின் திருத்தமே பிழையாக இருப்பது சாதாரணம். சரியான எழுத்தைத் தவறாக ‘திருத்தி’ வைத்துவிட்டால் எழுதியவனுக்கு அதுவே மனத்தில் பதியும். ஆகவே படித்தவன் சந்தேகத்தை மட்டும் குறிக்கட்டும், எழுதியவன் அகராதியைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

பாராட்டுக்கும் ஒரு குறி வேண்டும். பழைய சீன நூல்களில் வாசகர்கள் நல்ல சொற்றொடரின் பக்கத்தில் எழுத்துக்கு ஒன்றாகச் சிறு வட்டங்கள் இட்டுக்கொண்டே போவார்கள். இந்த வட்டங்களை மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு இடத்தில்தான் இடலாம் என்று வரம்பு வைத்தால் எங்கே இடுவது என்று உண்மையிலேயே யோசிப்பார்கள்.

கருத்து எழுதும் விதம்

விட்டுவிட்டால் எல்லாத் தாளிலும் ஒரே கருத்துத்தான் வரும்: நடை சரளம், உள்ளடக்கம் நிறைவு, தொடர்ந்து முயற்சி செய். ஆசிரியர்கள் எழுதிப் பார்த்த வரிகளையே பிள்ளைகள் திருப்பி எழுதுகிறார்கள். அதோடு முகம் பார்க்கும் பண்பாடும் சேர்கிறது, நாளைக்கும் அதே தோழனோடுதான் சாப்பிட உட்கார வேண்டும். நேர்மையாக எழுது என்று அறிவுரை சொல்லி இதை மாற்ற முடியாது. கருத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

வடிவம் இதுதான்: எந்த வரி, அதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று, எழுதியவனிடம் ஒரு கேள்வி. ‘இது நன்றாக இல்லை’ என்பது தீர்ப்பு, ‘இங்கே எனக்குப் புரியவில்லை’ என்பது செய்தி. செய்தியைக் கேட்டு யாருக்கும் முகம் சுருங்காது.

ஓர் எடுத்துக்காட்டு. தலைப்பு ‘நான் கண்ட ஓர் உழைப்பாளி’. அட்டைப் பெட்டி பொறுக்கும் பாட்டி ஹாங்காங் மாணவர் கட்டுரைகளில் தேய்ந்த பாத்திரம் என்றாலும், தெருவில் அவரைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஒரு மாணவன் இப்படி எழுதுகிறான் என்று கொள்வோம்:

“சாலையோரத்தில் ஒரு பாட்டி அட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் மிகவும் கஷ்டப்படுகிறாள். வெயில் கடுமையாக இருந்தது. அவளைப் பார்த்ததும் என் உள்ளம் உருகியது. இனி வாழ்க்கையை மதிக்க வேண்டும் என்று உணர்ந்தேன்.”

‘உணர்ச்சி உண்மையாக இருக்கிறது, நன்று’ என்ற கருத்தால் இந்தப் பத்தியில் ஓர் எழுத்தும் மாறாது. மேலே சொன்ன வடிவத்தில் எழுதினால்: “இரண்டாம் வாக்கியத்தில் கஷ்டப்படுகிறாள் என்கிறாய், நீ எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று இல்லை. நான்காவதில் உன் உள்ளம் உருகுகிறது, எனக்கு இன்னும் உருகவில்லை. வண்டியை அவள் எப்படித் தள்ளினாள்? நீ அப்போது எங்கே நின்றாய்?”

கடைசிக் கேள்விக்கு அவன் விடை தேடினால் பத்தி இப்படி மாறக்கூடும்: “மேட்டில் வண்டி ஒரு சாண் ஏறும், நிற்கும். பாட்டி சக்கரத்துக்குப் பின்னால் காலை முட்டுக்கொடுத்து மூச்சு வாங்குவாள். பால் தேநீர் வாங்கும் வரிசையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தால் என் இடம் போய்விடும்.” வாழ்க்கையை மதிக்க வேண்டும் என்ற வரி தானே உதிர்ந்துவிட்டது. தோழன் அதை நீக்கச் சொல்லவில்லை, இரண்டு கேள்வி கேட்டதோடு சரி.

ஒரு தாளுக்கு மூன்று கருத்து போதும்: வட்டமிட்ட இடம் ஏன் பிடித்தது என்று ஒன்று, இடறிய இடம் பற்றி இரண்டு. ஒவ்வொரு தாளையும் இருவர் படிக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் மாணவன் அப்படியே ஏற்பான் அல்லது அப்படியே தள்ளுவான். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் மறுக்க முடியாது, முரண்பட்டால் தானே யோசித்தாக வேண்டும். மூவர் குழுவாக உட்கார வைத்தால் இது தானாக அமையும். குழுவில் திறன் இடைவெளி ஒரு படிக்குமேல் இருக்க வேண்டாம். மிக நன்றாக எழுதுபவனோடு மிகவும் தடுமாறுபவனைச் சேர்த்தால் ஒருவன் ஆசிரியர் ஆவான், மற்றவன் தலையாட்டுவான்.

பெயரை மறைப்பது உதவும், ஆனால் ஒரே வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இணை வகுப்போடு தாளை மாற்றிக்கொள்வது இதற்கு நல்ல வழி.

கான்டனீஸ் காதும் சீனக் கண்ணும்

தன்மதிப்பீட்டுக்கு வருவோம். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பார், பிழை காதில் விழும் என்பது எல்லா மொழி ஆசிரியர்களும் சொல்லும் அறிவுரை. ஹாங்காங்கில் இது பாதிதான் பலிக்கும். மாணவன் பேசுவது கான்டனீஸ், எழுதுவது சீனாவின் பொது மொழியான மான்டரினை அடியாகக் கொண்ட எழுத்துச் சீனம். அதை அவன் கான்டனீஸ் உச்சரிப்பில்தான் படிக்கிறான். பேச்சில் ‘ஆம், ஆகும்’ என்பதற்கு ‘ஹை’, எழுத்தில் ‘ஸி’. பேச்சில் ‘இல்லை’ என்பதற்கு வெறும் ‘ம்’, எழுத்தில் ‘பட்’. இவை வெளிப்படையானவை, சராசரி மாணவனே பிடித்துவிடுவான். சொல் வரிசைதான் ஏமாற்றும். ‘நீ முதலில் போ’ என்பதைப் பேச்சில் ‘நேய் ஸௌ ஸின்’ என்று ‘முதலில்’ கடைசியில் வர வைப்பார்கள், எழுத்தில் அது வினைக்கு முன்னால் வந்து ‘நேய் ஸின் ஸௌ’ ஆக வேண்டும். பேச்சு வரிசையில் எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தால் காதுக்கு அது இயல்பாகவே ஒலிக்கும், ஏனென்றால் அன்றாடம் கேட்பது அதுதான். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல.

ஒலி ஒன்றாக உள்ள எழுத்துகளிலும் காது கைவிடும். ‘ஏற்கெனவே’ என்பதன் எழுத்தும் ‘கொண்டு, மூலம்’ என்பதன் எழுத்தும் கான்டனீஸில் ஒரே தொனியில் ‘யி’. எதை எழுதியிருந்தாலும் படிக்கும்போது சரியாகவே கேட்கும். தட்டச்சு செய்யும் பள்ளிகளில் பிழையின் முகம் இன்னும் மாறும். உச்சரிப்பை வைத்து உள்ளிட்டால் ஒலி ஒத்த தவறான எழுத்து வரும். எழுத்தின் முதல், கடைசிப் பாகங்களை வைத்து உள்ளிடும் ‘விரைவு’ முறையில் உருவம் ஒத்த எழுத்து வரும். மாணவன் எந்த முறையில் தட்டுகிறான் என்று தெரிந்தால் எங்கே தேடச் சொல்வது என்றும் தெரியும்.

ஆகவே சத்தமான வாசிப்பை ஓசைக்கும் வாக்கிய நீளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். எழுத்துக்கும் சொல் வரிசைக்கும் கண் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் தான் அடிக்கடி செய்யும் பிழைகளில் பத்தை மட்டும் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, கட்டுரையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்துவர வேண்டும். தலைகீழாகப் போகும்போது பொருள் இழுத்துக்கொண்டு போகாது. எழுத்து எழுத்தாகவே தெரியும். பத்துக்கு மேல் பட்டியல் நீண்டால் யாரும் பார்ப்பதில்லை. மூன்று கட்டுரைகளில் தொடர்ந்து வராத பிழையை அடித்துவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம்.

தன்மதிப்பீட்டுக்கு இரண்டு வேளை உண்டு. தாளைக் கொடுக்கும்போது ஒன்று: பின்புறம் எழுதி மடித்த அந்த வாக்கியத்தோடு, எனக்கே நிறைவு தராத இடம் இது என்று ஒரு வரி எண்ணும். அந்த இடத்தைத் தோழர்கள் கவனித்தார்களா என்று பிறகு பார்ப்பது அவனுக்கே சுவாரசியமாக இருக்கும். திருத்தி எழுதியபின் இரண்டாவது: கிடைத்த ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றேன், பாதி ஏற்றேன், ஏற்கவில்லை என்று குறித்துக் காரணம் ஒரு வரி. ‘ஏற்கவில்லை’ என்று எழுதும் உரிமை இருந்தால்தான் ‘ஏற்றேன்’ என்பதற்குப் பொருள் இருக்கும். எழுதியதற்கும் தன்மதிப்பீட்டுக்கும் நடுவே ஓர் இரவாவது போகட்டும். மை காயுமுன் பார்த்தால் எல்லோருக்கும் தங்கள் கட்டுரை அழகாகத்தான் தெரியும்.

தனக்குத்தானே மதிப்பெண் போடச் சொன்னால் பொதுவாக எழுதத் தடுமாறுபவர்கள் கூட்டியும், நன்றாக எழுதுபவர்கள் குறைத்தும் போடுகிறார்கள். இதை நேர்மைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அளவுகோல் இன்னும் கைக்கு வரவில்லை என்பதற்கு அறிகுறி. எண்ணுக்குப் பதில் நான்கு தலைப்பில் உன் வலுவானது எது, மெலிந்தது எது என்று மட்டும் கேட்டால் விடை நம்பத்தகுந்ததாக இருக்கும்.

கெடும் இடங்கள்

மிகப் பெரிய கேடு, திருத்தி எழுதும் படி இல்லாமல் போவது. கருத்துத் தாளைக் கட்டுரையோடு பின் அடித்துக் கோப்பில் வைத்துவிட்டால் அத்தனையும் வீண். முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதச் சொல்ல வேண்டியதில்லை. ஹாங்காங் பிள்ளைகளுக்கு அதற்கு நேரமும் கிடையாது. தோழர்கள் இடறிய ஒரு பத்தியை மட்டும், 150 எழுத்துக்குள், வகுப்பிலேயே 20 நிமிடத்தில் மறுபடி எழுதினால் போதும்.

அடுத்தது ஆசிரியர் செய்வது. மாணவர் மதிப்பிட்ட தாளையே வாங்கி அவர் மறுபடி ஒன்று விடாமல் சிவப்பில் திருத்தினால், தோழனின் கருத்து ஒத்திகை, ஆசிரியருடையதுதான் நாடகம் என்று வகுப்பு புரிந்துகொள்ளும். அடுத்த முறை யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆசிரியர் படிக்க வேண்டியது இரண்டு: மறுபடி எழுதிய பத்தி, அதற்குக் காரணமான கருத்து. ‘இந்தக் கேள்விதான் இந்தப் பத்தியை மாற்றியது’ என்று கருத்து எழுதியவனின் பெயரைச் சொல்லி வகுப்பில் காட்டினால், அடுத்த கட்டுரையில் கருத்துகளின் தரம் எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். கருத்தே தவறாக இருந்தால், உதாரணமாக மரபுத்தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டு ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தால், அதைத் தனியே எழுதியவனிடமும் கருத்துச் சொன்னவனிடமும் சொல்லிவிட வேண்டும்.

மாணவர் போடும் மதிப்பெண்ணை அறிக்கை அட்டையில் சேர்க்கக் கூடாது. சேர்த்த அன்றே கருத்துகள் பேரமாகிவிடும். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் கருத்து எழுதிய விதத்துக்கு ஆசிரியர் ஒரு சிறு பங்கு தரலாம்.

சீனம் தாய்மொழி அல்லாத பிள்ளைகள் உள்ள வகுப்பில் சில மாற்றங்கள் தேவை. ஹாங்காங்கில் இந்திய, பாகிஸ்தானிய, நேபாளக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் உள்ளூர்ப் பள்ளிகளில் சீன மொழி கற்கிறார்கள். 2014/15 கல்வியாண்டு முதல் அவர்களுக்கென இரண்டாம் மொழிக் கற்றல் சட்டகமும் இருக்கிறது. இவர்களுக்குப் படிப்பதே பாதி உழைப்பு. 650 எழுத்துக் கட்டுரைக்குப் பதில் ஒரு பத்தியைக் கொடுத்து, ‘... என்ற இடத்தில் நான் நின்றேன், ஏனென்றால் ...’, ‘... பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்ற அரை வாக்கியங்களைத் தாளிலேயே அச்சிட்டுத் தரலாம். முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு எழுதட்டும். சொல் வரிசைப் பிழையைச் சில சமயம் இவர்களே சட்டென்று பிடிப்பதும் உண்டு, கான்டனீஸ் வரிசை அவர்கள் காதில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்காது.

கடைசியாக நிர்வாகம். பல பள்ளிகளில் துறைத் தலைவர் மாணவர் கட்டுரை ஏடுகளை வாங்கி, ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறாரா என்று பார்ப்பது வழக்கம். சிவப்பு மை இல்லாத ஏடு அங்கே சோம்பலாகத் தெரியும், வீட்டில் பெற்றோருக்கும் அப்படித்தான். ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே துறைக் கூட்டத்தில் முடிவெடுத்து, இந்தப் பருவத்தின் கட்டுரைகளில் எது ஆசிரியர் முழுதாகத் திருத்துவது, எது சக மதிப்பீட்டுக்கு உரியது என்று எழுதிவைத்து, பெற்றோருக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிடுவது நல்லது. புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு முதல் பருவத்தில் மாதிரிக் கட்டுரை மதிப்பீடும் பத்துப் பிழை அட்டையும் மட்டும் போதும். தாள் மாற்றிக்கொள்வதை இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு கட்டுரையோடு, ஒரே ஒரு வகுப்பில் தொடங்கலாம்.